அடுத்தவர் வரும்வரை

ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. வளைகுடா நாடொன்றில் பண்டகசாலைக் கணக்கராகப் பணியாற்றி, இரண்டு மாத விடுமுறையில் ஊர் வந்திருந்த உறவுக்கார இளைஞர் ஒருவர், பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் நம்மைத் தனியே நிறுத்தினார். கைபேசியைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினார். பதினொரு பெயர்கள், ஒவ்வொன்றின் எதிரிலும் சிவப்பு எழுத்தில் ஓர் எண். அவற்றுள் இரண்டு மூன்றைத் தவிர ஏனையவற்றை நாம் கேள்விப்பட்டதுமில்லை. "மாமா, நீங்கள் நாலும் படிப்பவர்கள். இந்தச் சுற்றில் சிறு நாணயங்கள் ஏறுமா, ஏறாதா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

நமக்குத் தெரியாது என்றோம். அவர் முகம் வாடும் என்று எதிர்பார்த்தோம், வாடவில்லை. "இதுவரை கேட்டவர்கள் அத்தனை பேரும் ஏறும் என்றுதான் சொன்னார்கள். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வீடுவரை நம்மைத் தொடர்ந்து வந்தது. பிறகு நான்கைந்து இரவுகள் இதுபற்றிய செய்திகளைத் தேடிப் படித்தோம். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: மூன்றாம் இரவில், நமக்கு ஒரு காசும் முதலில்லாத அந்த நாணயங்களின் விலையை, ஏறியிருக்கிறதா என்று நாமே இருமுறை எட்டிப் பார்த்தோம். அதன் ஈர்ப்பு எத்தகையது என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

விலை ஏறுமா என்பது சந்தையின் கேள்வி. சிந்தனைக்குரிய ஒரு மாத இதழில் அதற்கென்ன இடம் என்று வாசக நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் ஒரு மனிதன் எதற்காகக் காத்திருக்கிறான், யாருக்காகக் காத்திருக்கிறான் என்பது ஒழுக்கத்தின் கேள்வி. அந்த இளைஞரின் வினாவுக்குள் இந்த இரண்டாம் வினா ஒளிந்திருப்பதாக நமக்குத் தோன்றிற்று.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சில சொற்கள். 2008 அக்டோபர் 31 அன்று, சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒன்பது பக்கக் கட்டுரையொன்று இணையத்தில் வெளியாயிற்று. அப்பெயருக்குரியவர் யார் என்பது இன்றுவரை புதிராகவே இருக்கிறது. அக்கட்டுரை வகுத்தபடி 2009 ஜனவரி 3 முதல் பிட்காயின் இயங்கத் தொடங்கியது. அதற்கு அரசில்லை, வங்கியில்லை. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்னும் பேரேடு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரேபடியாக எழுதப்படுகிறது. அப்பேரேட்டை உறுதிசெய்வதில் கணினிகளை ஈடுபடுத்துவோருக்குப் புதிய நாணயங்கள் கூலியாகக் கிடைக்கின்றன. மொத்தம் 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் அவை பெருகா. ஏறக்குறைய நான்காண்டுக்கு ஒருமுறை அந்தக் கூலி பாதியாகக் குறையும். 2012, 2016, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறு குறைந்தது.

பிட்காயினைப் பார்த்துப் பிறந்தவை ஏராளம். 2011இல் லைட்காயின், 2015இல் எத்தீரியம், 2020இல் சொலானா என்று அவை வரிசையாக வந்தன. பிட்காயின் நீங்கலாக மற்ற அனைத்தையும் ஆல்ட்காயின் என்று அழைக்கின்றனர். நாம் சிறு நாணயங்கள் என்போம். எல்லாம் ஒரே அளவில் சிறியவை என்று கொள்ளலாகாது. எத்தீரியம் ஒரு மரம். அதன் நிழலில் சில செடிகள். அவற்றின் அடியில் ஓரிரவில் முளைத்து மறுநாள் வெயிலில் வாடும் காளான்கள் கணக்கில்லாமல்.

அக்காளான்களுள் ஒன்றின் கதை மற்றவற்றின் இயல்பையும் காட்டும். 2013 டிசம்பரில் பில்லி மார்க்கஸ், ஜாக்சன் பால்மர் என்னும் இரு கணினி வல்லுநர்கள், நாள்தோறும் புது நாணயம் பிறப்பதைக் கேலிசெய்ய ஒரு நாணயத்தைச் செய்தார்கள். நாயொன்றின் படத்தை அதில் பொறித்து டோஜ்காயின் என்று பெயரிட்டார்கள். அது வேடிக்கை என்பதை அவர்கள் மறைக்கவுமில்லை. மார்க்கஸ் தம்மிடமிருந்தவை அனைத்தையும் 2015 அளவில் விற்றுவிட்டார். வந்த தொகைக்கு ஒரு பழைய ஹோண்டா கார் வாங்கலாம் என்ற அளவே தேறியதாக அவரே பின்னர் கூறினார். ஆனால் 2021 தொடக்கத்தில் ஒரு சென்டுக்கும் குறைவாயிருந்த அந்த நாணயம், அவ்வாண்டு மே மாதம் எலான் மஸ்க் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றவிருந்த நாளில் எழுபது சென்டைத் தாண்டியது. 2022 ஜூனில் மீண்டும் பத்து சென்டுக்குக் கீழே கிடந்தது. கேலிக்காகச் செய்யப்பட்ட பொருள் என்று தெரிந்தே இலட்சக்கணக்கானோர் அதை வாங்கினர். தெரிந்தே வாங்கினர் என்ற இச்சொல்லை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இனி, இளைஞர் சொன்ன சுற்று என்பது யாது? பிட்காயின் 2013 இறுதியில் ஆயிரம் டாலரைத் தாண்டி உச்சமடைந்து வீழ்ந்தது. 2017 டிசம்பரில் இருபதாயிரத்தை நெருங்கி, அடுத்த டிசம்பரில் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. 2021 நவம்பரில் 69,000ஐ எட்டி, ஓராண்டில் 16,000 அளவுக்குத் தாழ்ந்தது. மூன்று உச்சங்களும் கூலி பாதியான காலத்திலிருந்து ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் வந்தன. அவற்றுள் இருமுறை, பிட்காயினில் பெருத்த இலாபம் கண்டோர் அதனைச் சிறு நாணயங்களில் கொட்ட, அவை பன்மடங்கு வேகத்தில் ஏறின. 2017 தொடக்கத்தில் அனைத்து நாணயங்களின் மொத்த மதிப்பில் பிட்காயினின் பங்கு 85 விழுக்காட்டுக்கும் மேல். 2018 ஜனவரியில் 40க்கும் கீழ். 2021இலும் சில மாதங்களில் 70 அளவிலிருந்து 40ஐ ஒட்டி இறங்கியது. இவ்வாறு சிறு நாணயங்கள் கொழிக்கும் காலத்துக்கு ஆல்ட் சீசன் என்று பெயர் வைத்துவிட்டனர். அந்தச் சீசன் இம்முறையும் வரும் என்பதே நம் இளைஞரின் நம்பிக்கை.

2024 ஏப்ரலில் கூலி பாதியான பின் நடந்தது முன்போல் இல்லை. அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் பிட்காயினைப் பங்குபோல் வாங்க வழிசெய்யும் இ.டி.எஃப். நிதிகளுக்கு ஒப்புதல் அளித்தது. பெரும்பணம் அவ்வழியே உள்ளே வந்தது. வந்தது பிட்காயினோடு நின்றுகொண்டது. பாதியாதலுக்கு முன்னரே, மார்ச்சில், பிட்காயின் பழைய உச்சத்தைக் கடந்தது. முந்தைய சுற்றுகளில் அப்படி நேர்ந்ததில்லை. டிசம்பரில் இலட்சம் டாலரையும், 2025 அக்டோபர் தொடக்கத்தில் 1,26,000ஐயும் எட்டியது. அதன் பங்கோ குறைவதற்கு மாறாகக் கூடிக்கொண்டே போய், 2025 ஜூனில் 65 விழுக்காட்டை ஒட்டி நின்றது. எத்தீரியம் 2025 ஆகஸ்டில் தன் 2021 உச்சத்தை மயிரிழையில் கடந்தது. கார்டானோ என்னும் நாணயம் 2021இல் மூன்று டாலரைத் தாண்டியிருந்தது. 2024 இறுதியின் ஏற்றத்தில் அதன் பாதியைக்கூட எட்டவில்லை. இருந்தும் விதிவிலக்கு உண்டு: 2022 இறுதியில் பத்து டாலருக்குக் கீழே விழுந்து, முடிந்தது என்று பலரும் கைவிட்ட சொலானா, 2025 ஜனவரியில் 290 டாலரைத் தொட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையாக எழுதியவர்களாக மாட்டோம்.

ஏன் இந்த மாற்றம்? ஒரு காரணம் வெளிப்படை. 2017இல் பணத்தைக் கொட்டச் சில நூறு பாத்திரங்களே இருந்தன. இப்போது எவரும் சில நிமிடங்களில், சில ரூபாய்ச் செலவில், தம் பெயரில் ஒரு நாணயத்தை வெளியிடும் வசதி வந்துவிட்டது. 2024 ஜனவரியில் தொடங்கிய பம்ப்.ஃபன் என்னும் ஒரு தளத்தில் மட்டும் இலட்சக்கணக்கில் நாணயங்கள் பிறந்தன. ஒரு குடம் நீரை ஓராயிரம் வயலுக்குப் பங்கிட்டால் எந்த வயல் நனையும்? மேலும், புதிதாக வெளியிடப்படும் நாணயங்களில் பெரும்பங்கைத் தொடங்கியோரும் அவர்களுக்கு முதலிட்டோருமே வைத்துக்கொண்டு, குறித்த தவணைகளில் சந்தைக்கு விடுகின்றனர். 2025 ஜனவரி 17 அன்று, பதவியேற்க மூன்று நாள் இருக்கையில், டொனால்ட் டிரம்ப் பெயரில் ஒரு நாணயம் வெளியாயிற்று. அதில் நூறில் எண்பது பங்கு அவரோடு தொடர்புடைய நிறுவனங்களின் கையில். இரண்டே நாளில் எழுபது டாலரைத் தாண்டியது; ஏப்ரலில் பத்துக்கும் கீழே வந்துவிட்டது. அடுத்த மாதமே அர்ஜென்டினாவின் அதிபர் ஹாவியர் மிலெய் லிப்ரா என்னும் நாணயத்தை ஆதரித்து எழுதினார்; அது ஏறியதும் விழுந்ததும் சில மணி நேரத்துக்குள் முடிந்தது; அவர் தம் பதிவை அகற்றினார். வாங்கியவர்கள் தம் நட்டத்தை அகற்ற முடியவில்லை. பின்னர் 2025 அக்டோபர் 10 அன்று, சீனப் பொருள்கள்மீது மேலும் 100 விழுக்காடு வரி என்ற டிரம்பின் அறிவிப்பைத் தொடர்ந்து, கடன் வாங்கிப் பந்தயம் கட்டியிருந்தோரின் ஏறத்தாழ 1,900 கோடி டாலர் ஒரு நாளில் கரைந்தது. அடுத்த மாதம் பிட்காயினே 90,000க்குக் கீழ் இறங்கியது.

இத்தனையும் படித்த பின் அவருக்கு நாம் தரக்கூடிய விடை என்ன? முன்போல் எல்லாச் சிறு நாணயங்களும் ஒருசேர ஏறும் காலம் இச்சுற்றில் வரவில்லை. வருவதற்கான காரணங்கள் மெலிந்திருக்கின்றன. சில தனித்தனியே ஏறக்கூடும். இதற்குமேல் எவர் உறுதி கூறினாலும் அவர் தம்மிடமில்லாத அறிவை விற்கிறார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' என்னும் நூலில், பருத்தியை நெருப்பு எரிப்பதை எடுத்துக்கொண்டு ஆராய்கிறார்கள். நெருப்புப் பட்டதும் பருத்தி எரியக் காண்கிறோம். ஒன்றை அடுத்து ஒன்று நிகழ்வதைத்தான் கண் காண்கிறதே தவிர, நிகழ்ந்தே தீரவேண்டும் என்னும் கட்டாயத்தை எந்தக் கண்ணும் கண்டதில்லை என்பது அவர்களின் வாதம். நாம் விதி என்று கருதுவது பழகிப்போன வழமையே. எண்ணிறந்த முறை பார்த்த நெருப்பின் திறத்திலேயே இத்துணை அடக்கம் வேண்டும் என்றால், மூன்றே முறை கண்ட விலையேற்றத்தை விதியென்று நம்பி வாழ்நாள் சேமிப்பை வைப்பவரை என்னென்பது? மூன்று முறை என்பது வழமைகூட ஆகாது.

சீசன் என்ற சொல்லும் நம்மை மயக்குகிறது. அச்சொல் தமிழர்க்குக் குற்றாலத்தால் பழக்கமானது. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதுவதால் அருவியில் நீர் விழுகிறது. பார்க்க ஆளில்லாவிட்டாலும் விழும். பல்லாயிரவர் கூடிக் காத்திருந்தாலும் காற்று வராவிட்டால் பாறைதான். நாணயச் சந்தையின் சீசனுக்கோ மக்கள் கூட்டமே காற்று, மக்கள் கூட்டமே மழை. வரும் என்று போதிய பேர் நம்பி வாங்கினால் வரும்; நம்பாவிட்டால் வராது. பிறர் நம்புவார்கள் என்று நம்புவதைத் தவிர அதற்கு வேறு அடித்தளம் இல்லை. ஆங்கிலப் பொருளியல் அறிஞர் கீன்ஸ் 1936இல் வெளியிட்ட தம் பெருநூலில் பங்குச்சந்தையை ஒரு செய்தித்தாள் போட்டிக்கு ஒப்பிட்டார். நூறு முகங்களில் அழகியவற்றைத் தேர வேண்டும். பெரும்பாலோரின் தேர்வோடு ஒத்துப்போனவருக்கே பரிசு. எனவே எது அழகு என்று எவரும் பார்ப்பதில்லை. பிறர் எதை அழகென்பார் என்று பிறர் எண்ணுவார் என்றே எண்ணிக்கொண்டிருப்பர். பங்குச்சந்தையிலேனும் முகம் என்று ஒன்று இருந்தது.

இங்கேதான் நாம் தேடிய ஒழுக்கக் கேள்வி தொடங்குகிறது. விதைத்தவனும் நாளையை நம்புகிறான். கடை வைத்தவனும் நம்புகிறான். விதைத்தவனின் நம்பிக்கை மண்ணிடமிருந்து பலிக்கிறது. கடைக்காரனின் இலாபம், பொருளைப் பெற்று வீடு சென்று பயன்துய்க்கும் வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. அவர் கொடுத்த பணத்துக்கு ஈடாக அவர் வீட்டில் அரிசி இருக்கிறது. பங்கு வாங்கியவருக்கு ஆலை ஓடினால் ஆதாயத்தில் ஒரு கூறு வரும். எதையும் விளைவிக்காத, எவருக்கும் பயன்படாத ஒரு நாணயத்தை ஒரு ரூபாய்க்கு வாங்கிப் பத்து ரூபாய்க்கு விற்றவருக்கு வந்த ஒன்பது ரூபாய் எங்கிருந்து வந்தது? பத்து ரூபாய் கொடுத்தவரின் சட்டைப்பையிலிருந்து. அவர் தப்ப வேண்டுமானால் இருபது தருபவர் வரவேண்டும். வரிசையில் கடைசியாக நிற்பவருக்குப் பின்னே ஆளில்லை. ஏற்றம் என்னும் இனிய சொல்லின் உட்பொருள், வரிசை இன்னும் நீளும் என்பதே.

இது கணினியோடு பிறந்த புதுநோயும் அன்று. 1720இல் இலண்டனில் தென்கடல் கம்பெனியின் பங்கு, ஆண்டுத் தொடக்கத்தில் 130 பவுனுக்குள் இருந்து கோடையில் ஆயிரத்தை எட்டியது. அதைக் கண்டு சிறு கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. பெரியதைத் தவறவிட்டவர்கள் சிறியதில் பிடித்துவிடலாம் என்று ஓடினர். ஆல்ட் சீசன் என்ற சொல்தான் அன்று இல்லை. அச்சிறு கம்பெனிகளை ஒடுக்க அவ்வாண்டு ஜூனிலேயே சட்டம் வந்தது. ஆண்டு முடிவதற்குள் தென்கடல் பங்கும் தொடங்கிய இடத்துக்கே அருகில் வந்துவிட்டது. அறிவாளர்களில் அறிவாளர் ஐசக் நியூட்டன் முதலில் நல்ல இலாபத்தோடு விற்று வெளியேறியவர். விலை மேலும் ஏறுவதைப் பொறுக்கமாட்டாமல் மீண்டும் உள்ளே போய்ப் பெருந்தொகை இழந்தார். கோள்களின் ஓட்டத்தைக் கணித்தவரால், தம்மைவிடக் குறைந்த அறிவுடையோர் பணக்காரராவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. இந்த ஓரிடத்தில் நியூட்டனும், நம் கணக்கரும், மூன்றாம் இரவில் விலை பார்த்த நாமும் ஒரே வரிசை.

கஸ்ஸாலி இமாமிடம் மறுபடியும் போவோம். 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களைப் பேசும் பகுதியில், கள்ளத் திர்ஹங்களைப் பற்றி ஓரிடம் வருகிறது. ஒருவர் கைக்கு அறியாமலே ஒரு கள்ளக்காசு வந்துவிட்டால் என்ன செய்வது? நமக்கும் யாரோ தலையில் கட்டியதுதானே, நாமும் யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்றே மனம் சொல்லும். இமாம் அவர்கள் அதைக் கிணற்றில் எறிந்துவிடச் சொல்கிறார்கள். எவர் கையும் எட்டாத இடத்தில் அது ஒழிய வேண்டும். திருட்டு ஒருமுறை நிகழ்ந்து அதோடு நின்றுவிடும். கள்ளக்காசோ செலவிட்டவன் இறந்த பிறகும் கை மாறிக்கொண்டேயிருக்கும், ஒவ்வொரு மாற்றத்திலும் ஒருவர் ஏமாறுவார், முதலில் விட்டவனின் கணக்கில் அது ஏறிக்கொண்டே போகும் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இச்சிறு பகுதியைப் படித்தபோது, அந்தப் பதினொரு பெயர்களும் சிவப்பு எண்களும் நம் கண்முன் வந்தன.

ஆனால் ஒப்புமையை அவசரப்பட்டு ஏற்றுவிடலாகாது; எதிர்வாதங்கள் வலுவானவை. கள்ளக்காசை வாங்குபவர் ஏமாற்றப்படுகிறார். சிறு நாணயத்தை வாங்குபவர் தாமே தேடிவந்து, ஏறினால் விற்கலாம் என்று கணக்கிட்டு வாங்குகிறார். டோஜ்காயின் வேடிக்கை என்பது எல்லாரும் அறிந்தது. அறிந்து இணங்கியவருக்கு அநீதி இழைப்பது எங்ஙனம்? இதற்கு நம்மிடம் முழு விடையில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: சூதாட்டப் பலகையைச் சுற்றி அமர்ந்த நால்வரும் இணங்கியே அமர்கின்றனர். இணக்கம் இருப்பதால் அது வாணிபம் ஆகிவிடும் என்று மார்க்கம் கொள்ளவில்லை. தவிர, அறிந்தே இணங்குகிறார்கள் என்பதும் முற்றிலும் மெய்யன்று. 2022 ஏப்ரலில் ஏறத்தாழ 119 டாலருக்கு விற்ற லூனா, மே நடுவில் ஒரு சென்டுக்கும் கீழே போனது. சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு மறைந்தது. அதை நடத்திய டோ குவோன் மோசடிக் குற்றத்தை 2025 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதில் பணம் போட்டவர்களில் பலர் அதைப் பாதுகாப்பான சேமிப்பென்று எண்ணியே போட்டனர்.

எல்லா நாணயமும் கள்ளக்காசா என்றும் கேட்பர். இல்லை. எத்தீரியத்தின்மீது உண்மையான கொடுக்கல் வாங்கல்கள் நடக்கின்றன. டாலருக்கு நிகராக மதிப்பு நிறுத்தப்படும் ஸ்டேபிள்காயின்களைக் கொண்டு, தம் நாட்டு நாணயம் நாளும் தேயும் தேசத்தவர் பலர் சேமிப்பைக் காக்கின்றனர். பயன் உள்ள இடத்தில் விலைக்கு ஒரு தரை இருக்கலாம். ஆனால் நம் இளைஞரிடம், அந்தப் பதினொன்றில் எதையேனும் எதற்காவது பயன்படுத்தியதுண்டா என்று கேட்டபோது, "பயன்படுத்துவதா? விற்பதற்குத்தானே வாங்கினேன்" என்றார். தங்கமும் விளைவதில்லையே, புறநகரில் மனை வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறக் காத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இக்கேள்வி இல்லையா என்பார்க்கு நம் விடை: இருக்கிறது. தங்கத்தை அணியலாம், மனையில் வீடு கட்டலாம் என்பது ஓரளவு சமாதானமே. கட்டும் எண்ணமே இல்லாமல், வீடில்லாத ஒருவர் நாளை இருமடங்கு விலை தருவார் என்று முள்வேலி போட்டு வைத்திருப்போர் கணினி நாணயக்காரர்களைப் பழிக்குமுன் சற்று யோசிக்கட்டும்.

மார்க்க அறிஞர்களிடையே இதில் ஒருமித்த தீர்ப்பு இல்லை. எகிப்தின் தலைமை முஃப்தியாயிருந்த ஷவ்கீ அல்லாம் அவர்கள் பிட்காயின் வணிகம் கூடாது என்றார்கள். இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில், நாணயமாக அது ஆகாது என்றும், உறுதியான அடிப்படையும் தெளிவான பயனும் உடையதாயின் விற்பனைப் பொருளாக ஆகும் என்றும் பிரித்துக் கூறிற்று. மலேசியப் பங்குகள் ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு 2020இல், பதிவுபெற்ற சந்தைகளில் அவற்றை வாங்கி விற்கலாம் என்றது. ஃபத்வா வழங்குவது நம் பணியன்று. நம் நாட்டரசின் போக்கையும் சொல்லிவைப்போம்: 2022 ஏப்ரல் முதல் இதன் இலாபத்துக்கு 30 விழுக்காடு வரி, ஒரு நாணயத்தின் நட்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழிக்கவும் இடமில்லை. லாட்டரிப் பரிசுக்கும் குதிரைப் பந்தய வெற்றிக்கும் விதிக்கும் அதே விகிதம். எதை எதனோடு வைத்தார்கள் என்று பாருங்கள்.

அவர் மறுமுறை வந்தபோது இவற்றையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "இலாபம் வேண்டாம் மாமா. போட்டது வந்தால் போதும், அன்றே விற்றுவிட்டு வெளியே வந்துவிடுவேன்" என்றார். யாரிடம் விற்பீர்கள் என்று கேட்டோம். சந்தையில்தான் என்றார். சந்தையில் யார் என்றோம். அவர் உடனே விடை சொல்லவில்லை. ஹவுளில் ஒரு சிறுவன் காலால் நீரை அளைந்துகொண்டிருந்தான், அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கேட்காமலே, ஒன்றைச் சொன்னார். அவர் ஏற்றம் கண்ட நாள்களில் பச்சை எண்களைக் காட்டியதைப் பார்த்து, அறையில் உடன் தங்கியிருக்கும் இருவரும், தங்கையின் கணவரும் அதே நாணயங்களை வாங்கியிருக்கிறார்கள். மச்சான், சீட்டு எடுத்த பணத்தைப் போட்டிருக்கிறார். அவர்களிடம் சிவப்பு எண்களை இவர் காட்டியதேயில்லை. சீசன் வரும், பொறுங்கள் என்றே சொல்லிவந்திருக்கிறார். அவர்கள் விற்றுவிட்டால் விலை மேலும் இறங்கும் என்ற அச்சமா என்று கேட்டோம். "நாலு பேர் விற்று இறங்குகிற விலையா அது? அதில்லை மாமா. என்னை நம்பிப் போட்டார்கள், அதைத்தான் சொல்ல வாய் வரவில்லை" என்றார்.

அவர்களுக்கு நான் கடன்பட்டவனா என்று கேட்டார். சட்டப்படி இல்லை என்றோம். மார்க்கப்படி அறிய ஓர் ஆலிமிடம் கேளுங்கள் என்றோம். ஆனால் உங்களுக்குத் தெரிந்த அளவு அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்; உங்கள் நட்டம் எவ்வளவு என்பது உட்பட என்று சொன்னோம். தலையசைத்துவிட்டுப் போனார்.

பயணத்துக்கு முதல்நாள் மாலை விடைபெற வீட்டுக்கு வந்தார். மச்சானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம், கணக்கைத் திறந்து காட்டியேவிட்டாராம். கோபித்துக்கொண்டாரா என்று கேட்டோம். "கோபிக்கவில்லை மாமா. கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதெல்லாம் சரி, இனிமேல் ஏறுமா ஏறாதா என்று கேட்டார்" என்றார்.